பர்ஸுக்குள் ஒரு வலைத் துண்டு

2024 ஏப்ரலில் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதிப் போட்டி. நமக்கு நள்ளிரவு தாண்டிய நேரம். தூங்காமல் உட்கார்ந்து பார்த்தேன். அங்கே எல்லோர் வாயிலும் ஐயோவா அணியின் கெய்ட்லின் கிளார்க் பேர்தான். முதல் கால்பகுதியிலேயே அவர் 18 புள்ளி எடுத்துவிட்டார். சரி, ஐயோவாவுக்குத்தான் கோப்பை என்று நானும் நினைத்தேன். ஆனால் எதிரணியான சவுத் கரோலினாவின் பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து வந்தார்கள், அடித்தார்கள், போய் உட்கார்ந்தார்கள். முதலாம் ஆண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் மட்டும் 19 புள்ளி. மாற்று ஆட்டக்காரர்களின் புள்ளிகளை மட்டும் கூட்டினால் இந்தப் பக்கம் 37, ஐயோவா பக்கம் பூஜ்யம். முடிவு 87-75. அந்த சீசனில் 38 ஆட்டம், 38 வெற்றி.

இதற்கு முந்தைய ஆண்டு அரையிறுதியில் இதே ஐயோவாவிடம் தோற்ற அணி அது. அன்று இறங்கிய முதல் ஐந்து பேரும் அந்த சீசனோடு விடைபெற்றுவிட்டார்கள். ஐந்து தூண்களும் போன வீட்டை ஒரே வருடத்தில் எழுப்பி நிறுத்தியவர் கோச் டான் ஸ்டேலி. அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

1970-இல் பிறந்தவர். ஃபிலடெல்ஃபியா நகரின் வடக்குப் பகுதியில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. உயரம் ஐந்தடி ஆறங்குலம்தான், கூடைப்பந்துக்குக் குள்ளம். அதனால் பாயிண்ட் கார்ட். பந்தைக் கொண்டுவந்து, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து, சரியான கையில் கொடுக்கிற வேலை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக ஆடி மூன்று முறை கடைசி நான்கு அணிகளுக்குள் வந்தார். 1991 இறுதியில் டென்னஸியிடம் கூடுதல் நேரத்தில் 70-67 என்று தோல்வி. தோற்ற அணியில் இருந்தும் அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. ஆனால் கோப்பை கடைசிவரை கிடைக்கவில்லை. படிப்பு முடிந்தபோது அமெரிக்காவில் பெண்களுக்கென்று தொழில்முறை லீக்கே கிடையாது. பிழைப்புக்கு ஐரோப்பா போய் ஆடினார். அப்புறம் 1996, 2000, 2004 என்று மூன்று ஒலிம்பிக் தங்கம்.

கோச் ஆகும் எண்ணமே அவருக்கு இருக்கவில்லை. 2000-இல் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் தேடிப்போய்க் கேட்டதால்தான் பொறுப்பை ஏற்றார். கோடையில் சொந்த ஆட்டம், குளிர்காலத்தில் கோச் வேலை என்று ஆறு வருடம் இரண்டையும் சேர்த்தே இழுத்தார். 2008-இல் சவுத் கரோலினா. முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி. நிர்வாகம் பொறுத்திருந்தது. 2017-இல் முதல் கோப்பை, 2022-இல் இரண்டாவது, 2024-இல் மூன்றாவது.

அவரை யாரும் போய்க் கேட்காமல் இருந்திருந்தால்? எனக்கு இந்தக் கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. 1972-இல் கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சம வாய்ப்பு தரும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. அதற்கு முன்பு கல்லூரிப் பெண்கள் அணிகளின் கோச்சுகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள். இன்று பாதிகூட இல்லை. சட்டத்தால் பெண்களுக்கு மைதானம் கிடைத்தது, சம்பளமும் கூடியது. சம்பளம் கூடியதும் அந்த நாற்காலிக்கு ஆண்கள் வந்துவிட்டார்கள். திறமை பார்த்து எடுத்தோம் என்பார்கள். நான் ஏற்க மாட்டேன். களத்தில் பத்து வருடம் ஆடிய பெண்ணிடம் இல்லாத திறமை என்ன? அவளை யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். கறுப்பினப் பெண் என்றால் இன்னும் மோசம். அணிகளில் ஆடுகிறவர்களில் அவர்கள் ஏராளம், கோச் நாற்காலியிலோ விரல்விட்டு எண்ணும்படிதான் நெடுங்காலம் இருந்தார்கள்.

அதனால்தான் அந்த வலைத் துண்டுக் கதை என் மனதை விட்டுப் போக மறுக்கிறது. அங்கே கோப்பை வென்றதும் ஏணி போட்டு ஏறி, வளையத்தில் தொங்கும் வலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுப்பது வழக்கம். அந்தக் கோப்பையை வென்ற முதல் கறுப்பினப் பெண் கோச் கேரலின் பெக், பர்டூ அணியோடு 1999-இல். தன் வலையில் ஒரு துண்டை 2015-இல் ஸ்டேலியிடம் கொடுத்தார். நீ ஜெயித்ததும் திருப்பித் தா என்று பேச்சு. நூல் முறுக்கின சின்னத் துண்டு. ஸ்டேலி அதை பர்ஸிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

2017-இல் தன் வலையை வெட்டியவர், தானும் ஒரு துண்டை இன்னொரு கோச்சிடம் கொடுக்க நினைத்தார். யாரிடம் என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. 2021-இல் அந்த வலையை நறுக்கி, முதல்நிலைக் கல்லூரி அணிகளில் தலைமைக் கோச்சாக இருந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும், எழுபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு, ஆளுக்கொரு துண்டாகக் கடிதத்தோடு அனுப்பிவைத்தார். அவர்களில் பலர் அடுத்த சீசனில் இவரையே தோற்கடிக்க வேண்டியவர்கள்.