ஹேலோவை யாரும் பறிக்கவில்லை
தம்பி, ஹேலோ வீடியோ கேமைப் பற்றி "343 இண்டஸ்ட்ரீஸ் பன்ஜியிடமிருந்து ஹேலோவைப் பறித்துக்கொண்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. 2000-லேயே மைக்ரோசாப்ட், ஹேலோவை உருவாக்கிக்கொண்டிருந்த பன்ஜி ஸ்டூடியோவை வாங்கிவிட்டது, ஹேலோவோடு சேர்த்து. 2007-இல் பன்ஜி தனியாகப் பிரிந்தபோது உரிமை மைக்ரோசாப்டிடமே நின்றது. நம்ம பாம்பனில் டிரைவர் இறங்கிப் போனாலும் விசைப்படகு முதலாளி பெயரில்தானே இருக்கும்? அப்படித்தான். பிரிந்த பிறகும் ஹேலோ: ரீச் (2010) வரை அந்த கேம்களைச் செய்தது பன்ஜியேதான். பறித்திருந்தால் இது எப்படி நடக்கும்? 343 என்பது மைக்ரோசாப்ட் தனக்குள்ளேயே தொடங்கிய ஸ்டூடியோ. 2012-இல் வந்த ஹேலோ 4 பிடிக்கவில்லையா, தாராளமாகத் திட்டுங்கள், எனக்கும் அதில் குறைகள் உண்டு. ஆனால் மண்டபம் ஊர்ப் பசங்களிடம் இதைத் திருட்டு என்று சொல்லாதீர்கள். பன்ஜி புதிதாக ஒன்றைச் செய்யப் போனது. அதுதான் 2014-இல் டெஸ்டினி என்ற கேமாக வந்தது.