பிப்ரவரிக்கு 28 நாள்தான் ஐயா

சமூக வலைத்தளத்தில் பலரும் பகிர்ந்த அந்தச் சிவப்பு அம்புக்குறி அட்டையைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஜனவரியைவிடப் பிப்ரவரியில் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதி குறைந்துவிட்டதாம். ஆகவே நாட்டில் தொழில்கள் படுத்துவிட்டனவாம். ஜனவரிக்கு 31 நாள், பிப்ரவரிக்கு 28 நாள். அன்றாட வரத்து துளியும் மாறாவிட்டாலும் மாத மொத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு குறையத்தான் செய்யும். இதைச் சொன்னதற்குத்தான் எனக்கு அவ்வளவு அர்ச்சனை.

ஒரு மாதக் கணக்கு போக்கு ஆகாது. கப்பல் முகவர் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு டிசம்பர்க் கடைசியில், கடல் கொந்தளிப்பால் எண்ணெய்க் கப்பல் ஒன்று துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டுக் கிடந்தது. உள்ளே வந்து எண்ணெயை இறக்கக் குழாய் மாட்டுவதற்குள் புத்தாண்டு பிறந்துவிட்டது. டிசம்பர்க் கணக்கில் ஒரு கப்பல் குறைவு, ஜனவரியில் ஒரு கப்பல் கூடுதல். சுத்திகரிப்பு ஆலையோ தொட்டியில் இருந்த சரக்கைக் கொண்டு வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தது. இன்றாக இருந்தால் அதற்கும் இரண்டு அட்டை தயாராகியிருக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று ஒருவர் பாடம் எடுத்தார். சோற்றுக்குச் சரி. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயை மே மாதத்தில் பெறுவதற்கான ஒப்பந்தத்தின் விலை பூஜ்யத்துக்கும் கீழே, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. விலை விழுந்து கிடந்த அந்த நாட்களில் சீனா வாங்கிக் குவித்த எண்ணெய் கடல் கடந்து வந்து சேர்ந்தபோது, ஜூன் மாத இறக்குமதி நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.3 கோடி பீப்பாய் என்று அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. கொரோனா ஆண்டில்! அந்த ஒரு சோற்றைப் பதம் பார்த்தவர் என்ன எழுதியிருப்பார்? சீனச் சுங்கத்துறையே, ஜனவரியிலோ பிப்ரவரியிலோ மாறி மாறி வரும் சீனப் புத்தாண்டு விடுமுறையை எண்ணி ஜனவரி, பிப்ரவரிக் கணக்குகளைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறது. அவர்களுக்கு விவரம் போதாது போலும்.

ரஷ்ய எண்ணெய் பெருகியது மாதக் கணக்கில்தானே தெரிந்தது என்கிறார்கள். நியாயமான கேள்வி. 2022-க்கு முன் நம் இறக்குமதியில் இரண்டு விழுக்காட்டைக்கூடத் தொடாத பங்கு, 2023-24இல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. மாதத்துக்கு மாதம் ஏற்ற இறக்கம் இருந்தும் திசை மாறவில்லை. அதைப் போக்கு என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். 

அரசுக்கு முட்டுக் கொடுக்கிறேன் என்கிறீர்கள். தேவையில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாட்டில் இறக்குமதி கூடுவது மட்டும் என்ன கொண்டாட்டம்? வருவதில் ஒரு பகுதி குஜராத்தின் ஜாம்நகர் போன்ற இடங்களில் உள்ள சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலாகி மறுபடி கப்பலேறிப் போய்விடுகிறது என்பதை அட்டை சொல்லவில்லையே. இதையெல்லாம் கேட்டால் “ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு எதற்குப் பொருளாதாரம்” என்று பதில் வருகிறது. அதற்கு இதயக்குறி இட்டவர்களில் என் வீட்டுத் திண்ணையில் காபி குடித்தவர்களும் உண்டு.

அட்டையை நீக்கச் சொல்லவில்லை. மார்ச் கணக்கு வரும்போது அதையும் இதே எழுத்தளவில், இதே அம்புக்குறியோடு போடுங்கள். அந்த மாதத்துக்கு 31 நாள்.