ஓட்டுகிறவருக்கே பழைய கார்

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. குறைந்ததிலிருந்து எங்கள் கார் நண்பர்கள் வட்டத்தில் ஷோரூம் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லை. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்கு 28 விழுக்காடு வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்த இடத்தில் இப்போது 18 விழுக்காடு. வீட்டுக்கு முதல் கார் வாங்கும் குடும்பங்கள் தாராளமாக வாங்கட்டும். என் கோபம் அவர்கள் மேல் இல்லை. தன்னைக் கார் ரசிகன் என்று சொல்லிக்கொண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை "போரடித்துவிட்டது" என்று வண்டியைத் தள்ளிவிட்டு அடுத்த மாடலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் மேல்தான். என் 1998 மாருதி ஜென்னைப் பார்த்து, "இன்னுமா இதை வைத்திருக்கிறீர்கள்?" என்று அனுதாபப்படுவதும் இவர்களே.

ஆம், வைத்திருக்கிறேன். வைத்திருப்பது சரி என்றும் நினைக்கிறேன். ஆனால் பழைய காரை யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன்.

முதலில் பணக் கணக்கு, ஏனென்றால் "பழைய வண்டி செலவு வைக்கும்" என்பதுதான் எல்லோரும் எடுத்தவுடன் சொல்வது. 12 லட்ச ரூபாய்க்கு ஒரு கார் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் ஆயுட்கால வரியை உயர்த்தினார்கள். 10 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடு. அதாவது 2 லட்சத்து 16 ஆயிரம். இது வண்டியை விற்கும்போது திரும்பி வராத பணம். இரண்டு ஆண்டு முடிந்து மூன்றாம் ஆண்டு இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தேய்மானம் 30 விழுக்காடு என்று கழிப்பார்கள். அது 3 லட்சத்து 60 ஆயிரம். சந்தை விலை இதைவிடக் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆக, ஒரு சாவியை இன்னொரு சாவியாக மாற்றிக்கொள்ள ஏறக்குறைய ஐந்தே முக்கால் லட்சம். என் ஜென்னுக்கு என்ஜினைப் பிரித்து ரிங், பேரிங் எல்லாம் மாற்றி, சஸ்பென்ஷன் முழுக்கப் புதுப்பித்து, துருவை வெட்டி எடுத்து டிங்கரிங் செய்து, பெயின்ட் அடித்தாலும் அந்தத் தொகையின் அருகில்கூட வராது. வண்டிக்கு வண்டி மாறிக்கொண்டே இருப்பவர் என்னிடம் செலவைப் பற்றிப் பேசும்போது சிரிப்பை அடக்கிக்கொள்ளச் சிரமப்படுகிறேன்.

ஆனால் காசு மிச்சம் என்பதற்காக யாரும் பழைய காரை நேசிப்பதில்லை. அப்படியென்றால் பஸ்ஸில் போகலாம்.

ஜென் 1993இல் வந்தது. முழுக்க அலுமினியத்தில் வார்த்த 993 சிசி என்ஜின், 50 குதிரைத் திறன், ஐந்து கியர். இன்றைய கணக்கில் 50 குதிரைத் திறன் என்பது கிண்டலுக்கு உரியது. ஆனால் அந்த வண்டியின் எடை சுமார் 750 கிலோ. தரையோடு ஒட்டிய உட்காரும் இடம், பவர் ஸ்டியரிங் இல்லாத ஸ்டியரிங், காற்றோடு பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்குத் தரும், கேபிளில் நேராக இழுக்கும் கார்புரேட்டர். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இரண்டாம் கியரில் ஒரு வளைவை முடித்து, நேரான சாலை கிடைத்ததும் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி, என்ஜின் உச்சக் குரலில் பாடும் நேரத்தில் மூன்றாவது கியர் போட்டு, நிமிர்ந்து ஸ்பீடோமீட்டரைப் பார்த்தால் முள் ஐம்பதைத்தான் தாண்டியிருக்கும். சட்டத்துக்கும் பயமில்லை, உயிருக்கும் பெரிய பயமில்லை. கைக்கும் காலுக்கும் மட்டும் முழு வேலை. முன்சக்கரம் எந்தக் கல்லின் மேல் ஏறியது என்பது உள்ளங்கைக்குத் தெரியும். 120 குதிரைத் திறன் கொண்ட இன்றைய டர்போ காரில் அதே சாலையில் போயிருக்கிறேன். ஒன்பதாவது வளைவில் இறங்கி ஆழியாறு அணையைப் பார்த்தபோதுதான் எட்டு வளைவுகள் கடந்துபோனதே உறைத்தது. வண்டியிடம் ஒரு குறையும் இல்லை. என்னிடம் அது எதையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊர் கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800இன் 796 சிசி என்ஜினை எடுத்து, அதைச் சுற்றி ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். காய்கறி வாங்கப் போகிற காரின் என்ஜின்தான் அதில் இருந்தது. அந்த வகைக் காரில் பந்தய வாழ்க்கையைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். அதனால் குதிரைத் திறன் எண்ணிக்கையை வைத்து ரசனையை அளக்கிறவர்களிடம் நான் அதிகம் வாதாடுவதில்லை.

சரி, எந்தப் பழைய காரை வைத்திருக்கலாம்? வயது இங்கே ஒரு பொருட்டே இல்லை. ஸ்பேர் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. கார் எதுவும் என்ஜின் தேய்ந்து சாவதில்லை; ஏதோ ஓர் உதிரி பாகம் கிடைக்காமல்தான் சாகிறது. அதிலும் புதிதாக இறங்குபவர்கள் பயப்படுவது தவறான இடத்தில். பிஸ்டன் கிடைக்குமா, கியர் கிடைக்குமா என்று கேட்பார்கள். இரும்பையும் அலுமினியத்தையும் எங்கள் ஊர் லேத் பட்டறைகளில் எப்படியும் செய்துகொள்ளலாம். புஷ் கடைந்து கொடுப்பார்கள், சிலிண்டரை போர் செய்து கொடுப்பார்கள், உடைந்த பிராக்கெட்டை வெல்டிங் வைத்து முன்பைவிட உறுதியாக்கித் தருவார்கள். கிடைக்காமல் கழுத்தை அறுப்பது பிளாஸ்டிக்கும் ரப்பரும் கண்ணாடியும்தான். கதவு பீடிங் என்கிற ஓரப்பட்டை, டாஷ்போர்டின் ஏசி துவாரம், பின்விளக்குக் கண்ணாடி, ஜன்னல் ஓரத்து ரப்பர். இவற்றுக்காகப் பழைய உதிரி பாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும், ஒரு நல்ல பின்விளக்கு கிடைத்த நாளின் மகிழ்ச்சி என்னவென்று.

அந்த வகையில் மாருதி வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஃபியட் பாலியோ 1.6 வைத்திருப்பவர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 2001இல் வந்தபோது 100 குதிரைத் திறனுடன் அந்தச் சிறிய கார் எல்லோரையும் மிரட்டியது. சாலையைக் கவ்விப் பிடிக்கும் விதத்தில் இன்றைக்கும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் ஃபியட் இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்தியாகிவிட்டது. முகப்பு விளக்கு ஒன்று உடைந்தால், அதே மாடலில் நசுங்கிய இன்னொரு வண்டியைத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். மறைமலைநகரில் 1999இலிருந்து வெளிவந்த ஃபோர்டு ஐகானின் நிலை அவ்வளவு மோசமில்லை என்றாலும், 2022இல் அந்த ஆலையில் கார் தயாரிப்பு நின்ற பிறகு அதன் ரசிகர்கள் பம்பர் கண்ட இடத்தில் பம்பர் வாங்கிச் சேர்க்கிறார்கள். நானாக இருந்தாலும் சேர்ப்பேன்.

இதே கேள்வியைப் புதிய மாடல்களிடமும் கேட்டுப் பாருங்கள். எல்.இ.டி. முகப்பு விளக்கில் ஒரு புள்ளி அணைந்தால் பல்பு மாற்ற முடியாது. விளக்குக் கூட்டையே மாற்ற வேண்டும். கண்ணாடி ஏற்றுவதிலிருந்து உள்விளக்கு வரை ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதை இன்னொரு காரிலிருந்து கழற்றி மாட்டினாலும் கம்பெனி மென்பொருளில் அந்த வண்டியோடு இணைத்தால்தான் பல கார்களில் வேலை செய்யும். தெரிந்தவர் ஒருவருடைய பன்னிரண்டு வயது ஆட்டோமேட்டிக் கார், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, கியர்பாக்ஸின் மின்னணுப் பெட்டி பழுதாகி நிற்கிறது. அதற்குச் சொன்ன விலை வண்டியின் சந்தை விலையைவிட அதிகம். என்ஜின் கடிகாரம் போல ஓடுகிறது, வண்டி நகரவில்லை. இன்றைய மாடல்களில் எத்தனை 2050இல் ஓடும் என்று எனக்குப் பெரிய சந்தேகம் உண்டு. என் ஜென் ஓடும், பெட்ரோல் கிடைத்தால்.

இதுவரை படித்துவிட்டுப் பழைய கார்க்காரர்கள் கைதட்டிக்கொண்டிருப்பீர்கள். கொஞ்சம் நிறுத்துங்கள்.

2014 ஜனவரியில், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு, அப்போது இந்தியாவில் விற்பனையில் இருந்த ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தது. காற்றுப்பை இல்லாத அந்த ஐந்துக்கும் பெரியவர் பாதுகாப்பில் பூஜ்ய நட்சத்திரம். 2014இல் ஷோரூமில் நின்ற வண்டிகளே அப்படி என்றால் 1993 வடிவமைப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2018இல் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. 2019இலிருந்து திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், 2022இலிருந்து முன்பக்கம் இரண்டு காற்றுப்பை என்று ஒவ்வொன்றாகக் கட்டாயமாயின. இந்தப் பத்தாண்டு மாற்றம் உண்மையானது. "பழைய வண்டியின் தகரம் கெட்டி, இடித்தால் எதிர் வண்டிதான் நொறுங்கும்" என்று பேசுபவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது. வண்டி நொறுங்காமல் இருந்தால் அந்த அதிர்ச்சி முழுவதும் உள்ளே இருப்பவரின் நெஞ்சுக்கூட்டுக்குத்தான் போகும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சேலம் நெடுஞ்சாலையில், பின்னால் லாரி ஹாரன் அடிக்க, நூறில் போவதற்கு நான் ஜென்னை எடுப்பதில்லை. அதற்கு வீட்டில் ஆறு காற்றுப்பை உள்ள ஒரு கார் இருக்கிறது. அதன்மேல் எனக்குக் காதல் கிடையாது, மரியாதை உண்டு. வீட்டில் ஒரே ஒரு கார்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பவர்கள் அந்தப் புதிய வகையையே வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பதினைந்து ஆண்டு வைத்திருங்கள். கார் பழையதாவதற்கு வேறு வழி இல்லை.

அரசாங்கம் பழைய வண்டிகளைப் பார்க்கும் விதம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சொந்த உபயோக கார்களுக்குப் பதினைந்து ஆண்டில் பதிவு முடியும். பிறகு வண்டியைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக ஆர்.சி. என்கிற பதிவுச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட்டில் இருபது ஆண்டைத் தாண்டியவற்றுக்கு 10,000 ஆக்கினார்கள். கட்டிவிடலாம், அது பெரிதில்லை. புகை எவ்வளவு, பிரேக் எப்படி, அடித்தட்டில் துரு இருக்கிறதா என்று கறாராகச் சோதித்துத் தகுதியில்லாததை நிராகரிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. அதை விட்டுவிட்டு டெல்லியில் வயதை மட்டும் பார்த்து, 2025 ஜூலை 1 முதல் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கு எரிபொருளே கிடையாது என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் நிறுத்தி வைத்தார்கள். மாதத்துக்கு நூறு கிலோமீட்டர் ஓடும் பராமரித்த காரும், நாள் முழுவதும் கரும்புகை கக்கும் வண்டியும் ஒரே தட்டில். ஐம்பது ஆண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு 2021 விதிகளில் தனி வின்டேஜ் பதிவு உண்டு, அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை என்ற நிபந்தனையோடு. பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட எங்கள் வண்டிகளுக்குத்தான் ஒரு பெயரும் இல்லை.

இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் அடுத்த தலைவலி. எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் ஆறேழு விழுக்காடு குறைவது வெறும் கணக்கு. அதைவிட முக்கியம், பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கும்; ஈரத்தை இழுக்கும். நின்றே கிடக்கும் வண்டியில் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். எரிபொருள் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள், கார்புரேட்டர் ஜெட்டை அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டிக் கலவையைச் சற்று செறிவாக வைக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியை ஓட்டுங்கள்.

இந்தக் கடைசிச் சொல் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கானது. இப்போது கான்டெஸா, பத்மினி போன்ற அந்தக்கால கார்களுக்குத் திடீர் மவுசு. வாங்கிப் பளபளவென்று பெயின்ட் அடித்து, அகலச் சக்கரம் மாட்டி, நான்கு படம் எடுத்துப் போட்டுவிட்டு, உறையை மூடி நிறுத்திவிடுகிறார்கள். பேட்டரி செத்து, டயர் தட்டையாகி, பிரேக் இறுகி, எலி ஒயரைக் கடித்துக் கிடக்கும். கேட்டால் "விலை ஏறட்டும்" என்கிறார்கள். மூன்றாண்டுக்கு ஒரு கார் மாற்றுகிறவராவது ஓட்டுகிறார். காட்சிக்கு வைப்பது என்றால் அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த வேலையை நம் எல்லோரையும்விட ஒழுங்காக அவர்கள் செய்கிறார்கள்.

அப்படி ஓட்டாமல் நிறுத்தி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், குறிப்பாக முதல் தலைமுறை ஹோண்டா சிட்டி விடெக் வைத்திருப்பவர்கள், உள்பெட்டியில் செய்தி அனுப்புங்கள். ஆர்.சி. நடப்பில் இருக்க வேண்டும், அடித்தட்டில் ஓட்டை இருக்கக் கூடாது, பின்விளக்கு இரண்டும் முழுசாக இருந்தால் பேரம் பேசமாட்டார். எனக்கில்லை, நண்பருக்கு.