"நம்ம ஆளுங்க இருக்காங்களா?": டெக்சாஸ் ரியல் எஸ்டேட் தேர்வுக்குப் படிக்கும் தோழிகளுக்கு

டாலஸ் பக்கத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் மாதம் ஒரு முறையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. "ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எக்ஸாம் எழுதப்போறேன், யார்கிட்டயாவது கொஸ்டின் பேங்க் இருக்கா?" உடனே யாராவது ஒரு பிடிஎஃப் போடுவார்கள். "இதை மூணு தடவை ஓட்டினா போதும்" என்று கீழே ஒரு வரியும் வரும். பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் அப்படி ஓட்டிவிட்டுப் போனவள்தான். கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து, வேலை அனுமதி கிடைத்ததும், பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து படித்தேன். தேசியப் பகுதியில் தேறினேன், மாநிலப் பகுதியில் தோற்றேன். பிடிஎஃபில் இருந்த கேள்வி ஒன்றுகூட அதே சொற்களில் வரவில்லை. சட்டத்தைப் புரிந்துகொண்டவருக்கு மட்டும் விடை தெரிகிற மாதிரி ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேட்கிறார்கள்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 180 மணி நேரப் பாடம், தலா 30 மணி நேரமாக ஆறு. அதன்பின் பியர்சன் வியூ மையத்தில் தேர்வு. தேசியப் பகுதி, மாநிலப் பகுதி என்று இரண்டு. தோற்ற பகுதியை மட்டும் திரும்ப எழுதலாம். மூன்று முறை தோற்றால் கூடுதல் வகுப்பு முடித்த பிறகுதான் மறுபடி உட்கார முடியும். லைசென்ஸ் வந்தாலும் ஒரு புரோக்கரின் கீழ் சேர்ந்தால்தான் வேலை செய்யலாம். பணம் கட்டுவதற்கு முன், ஒவ்வொரு பயிற்சி நிறுவனத்தின் தேர்ச்சி விகிதத்தையும் மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் தளத்தில் பாருங்கள். விளம்பரத்தைப் பார்த்துச் சேராதீர்கள்.

கணக்கை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி என்பதை இங்கே பலர் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். நமக்கு ஒரு சென்ட் 435.6 சதுர அடி, நூறு சென்ட் ஒரு ஏக்கர். அப்பா மனை வாங்கிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் படிக்க என்ன இருக்கிறது?

ஆனால் சில பாடங்களை நின்று படிக்க வேண்டும். ஹோம்ஸ்டெட், அதாவது குடியிருக்கும் சொந்த வீட்டுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு பற்றிய பாடம் அப்படி ஒன்று. டெக்சாஸில் தம்பதி குடியிருக்கும் வீட்டைக் கணவர் தனியாக விற்க முடியாது. பத்திரத்தில் அவர் பெயர் மட்டும் இருந்தாலும் மனைவியின் சம்மதம் வேண்டும். மாநில அரசியலமைப்பிலேயே இது இருக்கிறது. கடன் கணவர் பெயரில், வீடும் அவர் பெயரில், "எனக்கு இதுல ஒண்ணும் இல்லைக்கா" என்று சொல்லும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் இதைச் சொல்வதற்காகவாவது அந்த அத்தியாயத்தைப் படிக்கலாம்.

அடுத்தது ஃபேர் ஹவுசிங், வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்னும் சட்டம். கொஸ்டின் பேங்கில் இது பத்துக் கேள்விகளோடு முடிந்துவிடும். எனக்கு இந்த மொத்தப் படிப்பிலும் இதுதான் பெரிய பாடம்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழே நாளில், ஏப்ரல் 11 அன்று, இந்தச் சட்டத்தில் ஜனாதிபதி ஜான்சன் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பூர்வீக நாடு என்று முதலில் நான்கு. 1974-இல் பாலினம் சேர்ந்தது. 1988-இல் உடல் குறைபாடும், குழந்தைகள் உள்ள குடும்பம் என்பதும் சேர்ந்தன. இந்த ஏழில் எதைக் காரணம் காட்டியும் ஒருவருக்கு வீடு மறுக்கக் கூடாது. சொந்தத் தனி வீட்டைத் தானே விற்பவருக்குச் சில விலக்குகள் உண்டு, ஏஜென்டை வைத்துக்கொண்டால் அதுவும் போய்விடும். இனத்தைப் பொறுத்தவரை 1866-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டம் இருப்பதால் எந்த விலக்கும் கிடையாது. இந்த இடத்தில்தான் தேர்வில் மடக்குவார்கள்.

இதைப் படித்த இரவு எனக்கு வேளச்சேரி ஞாபகம் வந்தது. சென்னையில் வேலை கிடைத்த புதிதில் அம்மாவும் நானும் ஒரு 'டு லெட்' பலகையைப் பார்த்து உள்ளே போனோம். வீட்டுக்கார அம்மா நன்றாகத்தான் பேசினார். சமையலறை, பரண், மொட்டைமாடி எல்லாம் காட்டினார். குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். அப்புறம் "நீங்க சைவம்தானே?" என்றார். இல்லை என்றேன். சொந்த ஊர் கேட்டார், சொன்னோம். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பஸ்ஸில் ஏறி உட்காரும் வரை அவள் வாயே திறக்கவில்லை.

சாதி என்ற சொல் அந்த ஏழில் இல்லை. ஆனால் வீடு தேடி வந்தவரிடம் 'நீ யார்' என்று கேட்டுக் கதவை மூடக் கூடாது என்று ஒரு நாடு சட்டமாகவே எழுதி வைத்திருப்பதை அன்றுதான் முதல்முறையாக வரி வரியாகப் படித்தேன். மூன்று முறை படித்தேன். தேர்வுக்காகப் படிக்கவில்லை.

அதே அத்தியாயத்தில்தான் ஸ்டியரிங் வருகிறது. வாங்க வருபவரின் இனம், மதம், நாடு பார்த்து "உங்களுக்கு அந்த ஏரியாதான் சரி" என்று ஏஜென்ட் திருப்பிவிடுவது. அப்படித் திருப்புவது சட்டத்துக்குப் புறம்பானது. வாங்குபவரே கேட்டார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம்மவர்கள் ஏஜென்டிடம் முதலில் கேட்பதே "நம்ம ஆளுங்க அங்க நிறைய இருக்காங்களா?" என்பதைத்தான். தமிழ் ஏஜென்ட் என்றால் வாய்திறந்து பதில் சொல்வார் என்ற நம்பிக்கையில் கேட்கிறார்கள். பலர் சொல்லவும் செய்கிறார்கள். பிடிஎஃபை ஓட்டிவிட்டு வந்தவருக்கு அது தப்பு என்றே உறைக்காது. வருத்தமாக இருக்கிறது, கோபமும் வருகிறது.

போன மாதம் ஒரு தம்பி ஃபிரிஸ்கோ பக்கம் வீடு பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டார். அதே கேள்வி. "அதை நான் சொல்லக் கூடாதுப்பா. ஸ்கூல் விவரம் மாநிலக் கல்வித் துறை தளத்தில் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவில் ஒரு தடவை நடந்து பாருங்க. வீட்டைப் பற்றி என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்" என்றேன்.

"இல்லைக்கா, நம்ம ஆளுங்கன்னா... தமிழ்னு மட்டும் கேட்கலை" என்று இழுத்தார்.

புரிந்தது. வேளச்சேரியில் கேட்ட அதே கேள்வி ஏழு கடல் தாண்டி என் ஃபோனுக்கே வந்திருந்தது. "தம்பி, அதுக்கு நான் வீடு காட்ட மாட்டேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. வேறு யார் மூலமாகவோ வாங்கிவிட்டார் என்று கேள்வி.

இப்போது என்னோடு மூன்று பேர் சனிக்கிழமை காலையில் பிளேனோ நூலகத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒருவர் அடுத்த மாதம் தேர்வு எழுதுகிறார். வரும் சனிக்கிழமை ஃபேர் ஹவுசிங். பிடிஎஃப் வேண்டாம், புத்தகத்தை மட்டும் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் யாராவது படித்துக்கொண்டிருந்தால் நீங்களும் வாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை, மேசையில் இன்னும் இரண்டு நாற்காலி போடலாம்.