பக்கத்து ஓவியத்தின் நிறம்

நிறத்தையே மையப்பொருளாகக் கொண்டு பல ஓவியர்களின் சமகாலப் படைப்புகளை ஒரே கூடத்தில் வைக்கும் குழுக் கண்காட்சிகளை நான் தேடிச் சென்று பார்ப்பவன். ஓவியங்களைத் தேர்ந்தெடுப்பதில் காட்டப்படும் அக்கறை, அவற்றைச் சுவரில் மாட்டும்போது பல கூடங்களில் காணாமல் போய்விடுகிறது என்பதே என் வருத்தம். உருவங்களால் பேசும் ஓவியம், பக்கத்தில் எது இருந்தாலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். நிறத்தால் மட்டுமே பேசும் ஓவியத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

இது என் தனிப்பட்ட ரசனை மட்டும் அன்று. பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் ஷெவ்ரூல், அங்கே நெய்யப்பட்ட துணிகளில் கருப்பு மங்கித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, சாயத்தில் குறை இல்லை என்றும், அதை அடுத்திருந்த நீலமும் ஊதாவுமே கருப்பை வலுவிழந்ததாகக் காட்டுகின்றன என்றும் கண்டறிந்து, அந்த ஆய்வை 1839இல் வெளியிட்டார். 1950இல் சதுரத்துக்குள் சதுரம் வைத்து வரையத் தொடங்கிய ஜோசப் ஆல்பர்ஸ், 1976இல் இறக்கும்வரை அந்த வரிசையைத் தொடர்ந்தார். ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் எவ்வளவு மாறிவிடுகிறது என்பதைத்தான் அவர் அத்தனை ஆண்டுகளும் வரைந்துகொண்டிருந்தார்.

ஒரு கித்தானுக்குள் நடக்கும் இந்த மாற்றம் இரு கித்தான்களுக்கு இடையிலும் நடக்கும். அடர்சிவப்புப் பரப்பின் முன் சிறிது நேரம் நின்றுவிட்டு, அருகில் உள்ள வெளிர்சாம்பல் ஓவியத்துக்குத் திரும்பினால், அதன்மேல் இல்லாத ஒரு நீலப்பச்சைச் சாயல் படிந்து தெரியும். மெல்லிய சாம்பல் அடுக்குகளைப் பொறுமையாகப் பூசி எழுப்பிய அந்த இரண்டாவது ஓவியர், தாம் வரையாத ஓவியத்துக்காக மதிப்பிடப்படுகிறார். இதை நான் அநீதி என்றே சொல்வேன். வானவில் வரிசையில் அடுக்குவது இதற்குத் தீர்வாகாது. அது பத்துப் பேரின் தனித்தனிச் சிந்தனையை ஒரு வண்ண அட்டவணையாகச் சுருக்கிவிடுகிறது.

ஒளியிலும் இதே கவனம் வேண்டும். ஓவியர் மார்க் ராத்கோ ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்காக வரைந்து 1964இல் பொருத்தப்பட்ட சுவரோவியங்களில் லித்தால் சிவப்பு என்ற நிறமி இருந்தது. பெரிய சன்னல்கள் கொண்ட உணவுக்கூடத்தின் வெயிலில் அது வெளுத்துப் போனது. 2014இல் அவற்றை மீண்டும் காட்சிக்கு வைத்தபோது, கித்தானைத் தொடாமல், இழந்த நிறத்தைப் படவீழ்த்தியால் (புரொஜெக்டர்) ஒளியாக அவற்றின்மேல் வீழ்த்திக் காட்டினார்கள். நிறம் வெளுக்காத ஓவியத்தைக்கூட, மஞ்சள் கூடிய விளக்கு அந்த நேரத்துக்கு வேறொன்றாக்கிவிடும். கைப்பேசிப் படத்தில் அது இன்னும் விலகிப் போகும்.

ஆகவே கண்காட்சி அமைப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: இருபது ஓவியங்கள் கொள்ளும் சுவர்களில் பன்னிரண்டை மாட்டுங்கள், இடையில் வெற்றுச் சுவரை விடுங்கள், விளக்குகளை முடிவு செய்யும் நாளில் ஓவியர்களையும் கூடத்துக்கு அழையுங்கள்.