குழாய் எங்கே இருக்கிறது என்பதை ஆக்சிஜன் எண் சொல்லாது

அவசரத்தில் நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் செயற்கைக் குழாய் பொருத்தியதும், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் கருவி 98 காட்டினால் குழாய் சரியாக இறங்கிவிட்டது என்று ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்திருந்தால், குழாய் உணவுக்குழாய்க்குள் போயிருந்தாலும் அந்த எண் சில சமயம் நிமிடக்கணக்கில் அப்படியே நிற்கும். இறங்கத் தொடங்கும்போது நேரம் கைமீறியிருக்கும்.

பார்க்க வேண்டியது, வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் கருவியின் திரையை. ஒவ்வொரு மூச்சுக்கும் கரியமில வாயுவின் அலை எழுந்து விழ வேண்டும். கோடு தட்டையாகக் கிடந்தால், குழாய் தவறான இடத்தில் என்றே முதலில் கொள்ள வேண்டும். இதயம் நின்று நெஞ்சை அழுத்தும்போதுகூடப் பொதுவாகச் சிறு அலையாவது வரும்.

இங்கே சிங்கப்பூரில் தாதிமை படிக்கும் பிள்ளைகளும் இதை வாசிப்பார்கள், அதனால்தான் சொல்கிறேன். பிரிட்டனின் மயக்கவியல் ராயல் கல்லூரி 2011இல் வெளியிட்ட, மூச்சுப்பாதைச் சிக்கல்களைப் பற்றிய நேப்4 (NAP4) அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் தீவிர சிகிச்சை அத்தியாயத்தைப் பாருங்கள்.