மிஸ்ரியைத் திட்டி முடித்தாயிற்றா?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

காஷ்மீரின் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு பாகிஸ்தானுடன் மூண்ட நாலு நாள் சண்டையின் கடைசியில், 2025 மே 10, சனிக்கிழமை மாலை நம் வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி மைக் முன்னால் வந்து நின்றார். பாகிஸ்தான் ராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர் பிற்பகல் 3.35க்கு நம்மவருக்குப் போன் செய்தார், ஐந்து மணியிலிருந்து தரை, வான், கடல் எங்கும் சுடுவதில்லை என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று நாலு வரி வாசித்தார். அவர் செய்த குற்றம் அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை எக்ஸ் கணக்கைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதாயிற்று. துரோகி, கோழை, இன்னும் இங்கே எழுத முடியாததெல்லாம். அதுவும் போதாமல் அவருடைய மகளைத் தேடிப் பிடித்து வசை. எவ்வளவு பெரிய வீரம்!

வெளியுறவுச் செயலர் ஓர் அதிகாரி, ஐயா. போரைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் கையில் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். இவர் அம்புகூட இல்லை. இனி அம்பு வராது என்று சொல்ல வந்தவர். அவரைப் போட்டு அடித்தோம்.

இதைத்தான் ஞாயிறன்று இரண்டு வரியில் எழுதினேன். அதன் கீழே வந்த கருத்துகளை நீங்களே பார்த்தீர்கள். "உங்களுக்கு ரத்தம் கொதிக்கவில்லையா மேடம்?" என்று ஒருவர். கொதித்தது, சார். பஹல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்ற அன்று இரவு நானும் தூங்கவில்லை. ஆனால், திருமணமாகி ஒரு வாரம்கூட ஆகாமல் அங்கே கணவரைப் பறிகொடுத்த அந்தப் பெண், முஸ்லிம்களையும் காஷ்மீரிகளையும் குறிவைக்காதீர்கள் என்று சொன்னதற்கு அவரையும் விட்டுவைத்தோமா? இழந்தவர் கொதிக்க மாட்டேன் என்கிறார், இழக்காதவர் அவருக்காகக் கொதிக்கிறாராம்.

என் கொதிப்பைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். வேலூர் பக்கம் எங்கள் ஊர். பட்டாளத்து ஊர் என்றே பெயர்பெற்ற கம்மவான்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும் தெருவுக்கு நாலு பட்டாளத்து வீடு உண்டு. 1999இல் நான் பத்தாம் வகுப்பு. அண்ணன் காஷ்மீர் எல்லையில் பூஞ்ச் பக்கம் பட்டாளத்தில் இருந்தான். கார்கில் சண்டை நடந்த அந்த இரண்டு மாதமும் மளிகைக் கடை போன் ஒன்றுதான் எங்களுக்குக் கதி. "லைன்ல இருக்கான், வரச் சொல்லு" என்று கடைப் பையன் ஓடி வருவான், அம்மா செருப்பில்லாமல் ஓடுவார். மூச்சிரைக்க அவர் கேட்பது ஒரே கேள்வி: "சாப்பிட்டியாடா?" ஒருநாள் கடையில் நின்ற ஒருவர், "மகன் நாட்டுக்காகப் போயிருக்கான், பெருமையா இருங்கம்மா" என்றார். அம்மா திரும்பிப் பார்த்து, "பெருமை எல்லாம் அப்புறம். முதல்ல வந்து சேரட்டும்" என்றார். அம்மாவும் துரோகிதானா?

அண்ணன் வந்து சேர்ந்தான். இப்போது அவன் மகன் எல்லையில் இருக்கிறான். எங்கே என்று அவனும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. போன வாரம் இரண்டு இரவு அவன் போன் அணைந்தே கிடந்தது. அந்த இரண்டில் ஓர் இரவில்தான் சில தொலைக்காட்சிகள் தங்கள் திரையிலேயே கராச்சித் துறைமுகத்தை அழித்து, இஸ்லாமாபாத்தைப் பிடித்து, விளம்பர இடைவேளையும் விட்டன. அதற்கு முந்தைய நாள் பாகிஸ்தான் எறிகணைகள் விழுந்து பூஞ்ச்சில் குழந்தைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அதை எத்தனை பேர் கேட்டீர்கள்?

சரி, அடுத்த கேள்வி. "டிரம்ப் முந்திக்கொண்டு அறிவித்தாரே, அது அவமானம் இல்லையா?" நியாயமான கேள்வி. எனக்கும் உறுத்தியது. நம் போர்நிறுத்தத்தை அமெரிக்க அதிபரின் பதிவில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அதை அமைச்சர்களிடம் கேளுங்கள், நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். மிஸ்ரியின் மகளிடம் ஏன் கேட்கிறீர்கள்?

"இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் முடித்திருப்போம்." இதற்குத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை முடித்திருப்போம்? 2025 ஜனவரி நிலவரப்படி நம்மிடம் ஏறத்தாழ 180 அணுகுண்டுகள், அவர்களிடம் 170 என்பது ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனத்தின் கணக்கு. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று நாம் அறிவித்திருக்கிறோம். அவர்கள் அப்படி எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சனிக்கிழமை விடியலில் ராவல்பிண்டியின் நூர் கான் விமானத்தளத்தை நாம் தாக்கினோம். அணு ஆயுதங்களை முடிவு செய்யும் கட்டளை ஆணையத்தை அவர்கள் கூட்டுவதாகச் செய்தி வந்தது. பிறகு அவர்களுடைய பாதுகாப்பு அமைச்சரே அப்படி எதுவும் இல்லை என்றார். அந்த இரண்டு செய்திக்கும் நடுவே நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பொங்கியதுகூடத் தெரியாமல் நின்றேன்.

பயந்தாங்கொள்ளி என்பீர்கள். ஆமாம். 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பிப் பாகிஸ்தானின் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. பராமரிப்பின்போது நடந்த பிழை என்றோம், மூன்று அதிகாரிகளை வேலையிலிருந்து நீக்கினோம். ஆள்சேதம் இல்லை. அது சண்டை இல்லாத நாள் என்பதால் பிழைத்தோம். 2019 பிப்ரவரி 27 சண்டை நாள். காஷ்மீரின் பட்காமில் நம் ஹெலிகாப்டரை நம் ஏவுகணையே வீழ்த்தியது. அதில் இருந்த ஆறு விமானப்படையினரும் கீழே நின்ற ஒருவரும் இறந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே இது நடக்கும். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், நிறுத்தியது கோழைத்தனம் இல்லை, நிறுத்தியதை வாசித்தவர் துரோகி இல்லை.

பாகிஸ்தானுக்கு வக்காலத்தா என்று ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்வதாக இல்லை.

எங்கோ முகம் தெரியாதவர் திட்டினால் தடை செய்துவிட்டுப் போய்விடலாம். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறு காலை ஆறரைக்கு அண்ணன் மகன் "நல்லா இருக்கேன்" என்று போட்டான். பெரியப்பா மகன் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டார். அடுத்த நிமிடமே "லாகூரை விட்டுட்டு வந்துட்டானுங்க, கையாலாகாதவனுங்க" என்றார். யாரை? இப்போதுதான் கட்டைவிரல் காட்டினாரே, அவனையா? அந்தக் குழுவில் பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவன் அண்ணன் ஒருவன்தான். அன்று ஒரு வார்த்தையும் பேசாதவனும் அவன்தான். நான்தான் பேசினேன். "உனக்கு அரசியல் தெரியாது, விடும்மா" என்று பதில் வந்தது. ஏழெட்டுப் பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அதில் என் சித்தியும் உண்டு.

இதைப் படித்துவிட்டு அந்தப் பெரியப்பா மகன் போன் செய்வார், "என்னைத்தானே எழுதியிருக்கே" என்று. ஆமாம் அண்ணா, உங்களைத்தான். ஜூனில் உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு வருவேன். மொய் எழுதுவேன். பந்தியில் உட்கார மாட்டேன்.